ஐந்து நிமிடப் பேச்சு

“மேடம், குரலைக் கலாமா டவுன்லயே விட்டுட்டு பஸ் ஏறிட்டீங்களா? கொஞ்சம் சத்தமா!”

பின்வரிசையிலிருந்து எலியாசர் கத்தினான். டயர் பட்டறையில் நின்ற ஒன்பது பேரும் சிரித்தார்கள்.

யஸ்னா தொண்டையைச் செருமிக்கொண்டாள். காலை ஏழு மணி. அந்தச் செம்புச் சுரங்கத்தில் ஷிஃப்ட் தலைவர் ஐந்து நிமிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேசிய பிறகுதான் எவரும் ஸ்பேனரைத் தொடலாம். மூன்று மாதமாக அவள்தான் பேசுகிறாள். தலைவி பதவி அவளுக்கு நிலைக்குமா, இல்லை பழையபடி சாமான் அறையில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானா என்பது இன்று தெரிந்துவிடும்.

அதை முடிவு செய்ய வந்தவர் ஓரமாக ஒரு காலி டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். தோன் ரிகோபெர்த்தோ. ‘தோன்’ என்பது ‘ஐயா’ போல ஒரு மரியாதைச் சொல். பதினோரு வருடம் இதே குழுவுக்குத் தலைவர். இரண்டு வருடத்துக்கு முன் பயிற்சி அலுவலகத்துக்குப் போய்விட்டார். அவர் பேச்சைக் கேட்கப் பக்கத்துப் பட்டறை ஆட்கள்கூட டீக் கோப்பையோடு வந்து நிற்பார்கள்.

யஸ்னா அவர் பக்கம் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

“முப்பத்திநாலாம் நம்பர் லாரி. பின்பக்கம் இடது ஜோடியில வெளி டயரை மாத்தணும். நட்டைத் தொடறதுக்கு முன்னாடி... காத்தை இறக்கிடணும்.”

எலியாசர் கை தூக்கினான். “வெளி டயரைத்தானே மாத்துறோம்? உள் டயர்லயும் இறக்கணுமா?”

“பத்து வருஷமா இங்க என்னடா பண்ணிட்டிருந்த, பூசணி?” என்றான் ஒருவன்.

“காத்து ஊதிட்டிருந்தான். வயித்தைப் பாரு, தெரியும்!”

பட்டறை அதிர்ந்தது. தோன் ரிகோபெர்த்தோ மடியிலிருந்த மதிப்பெண் படிவத்தில் ஏதோ எழுதினார்.

“சிரிக்காதீங்க” என்றாள் யஸ்னா. “அவர் கேட்டது நல்ல கேள்வி. ரெண்டுலயும் இறக்கணும். உள் டயரோட இரும்பு வளையத்துல விரிசல் இருந்தா நட்டைக் கழட்டின உடனே அந்தக் காத்து வெளிச் சக்கரத்தைத் தூக்கி நம்ம மேல எறியும்.”

சிரிப்பு நின்றது. புதிதாக வந்த யோனத்தான் தயங்கித் தயங்கிக் கை தூக்கினான்.

“காத்து முழுசா போயிடுச்சான்னு எப்படித் தெரியும் மேடம்? சத்தம் நின்னா போதுமா?”

“போதாது. இந்தக் குளிர்ல வால்வுக்குள்ள ஐஸ் அடைச்சுக்கும். கம்பி விட்டுப் பாரு.”

அடுத்த கை. “நேத்து அந்தப் பக்கம் பிரேக் சூடாகிப் புகை வந்துதாமே. டயர் வெடிக்காம இருக்க எத்தனை மணி நேரம் ஆறணும்?”

யஸ்னா அந்த லாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

“தெரியலை.”

தோன் ரிகோபெர்த்தோவின் பேனா மறுபடி ஓடியது.

“கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அந்த லாரி கிட்ட யாரும் போகக் கூடாது.”

“பத்து மணிக்கு லாரி வேணும்னு மேல இருந்து குதிப்பாங்களே?”

“என்கிட்ட வந்து குதிக்கட்டும். நீங்க போய் ரொட்டி சாப்பிடுங்க.”

கலைந்து போகும்போது எலியாசர் பக்கத்திலிருந்தவனிடம் முணுமுணுத்தான். “தோன் ரிகோ இருந்தப்ப நாலரை நிமிஷம். தண்ணி ஓடற மாதிரி ஓடும். பாவம், இந்தம்மா திரும்ப சாமான் அறைக்குத்தான்.”

அது யஸ்னா காதிலும் விழுந்தது. டிரம்மின் அருகே போய் நின்றாள்.

“எத்தனை நிமிஷம் பேசினீங்க?” என்றார் அவர், நிமிராமல்.

“பதினாலு.”

“அஞ்சுக்கு மேல போனா மார்க் குறையும். குறுக்கே பேசவிட்டா குறையும். தலைவர் தெரியலைன்னு சொன்னா ரொம்பவே குறையும்.”

“தெரியும், தோன் ரிகோபெர்த்தோ.” இடுப்பிலிருந்த தலைவருக்கான வாக்கி-டாக்கியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். “நீங்க பேசினதைச் சின்னதா எழுதி வெச்சு வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். எனக்கு வரலை.”

அவர் அதை வாங்கவில்லை.

“படிவத்துல இருக்கிற மாதிரி மார்க் போட்டா நீங்க ஃபெயில். அதனால மார்க்கே போடலை. கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன், இவங்களை மாத்தக் கூடாதுன்னு.”

யஸ்னாவுக்குப் புரியவில்லை. “ஆனா... உங்களை மாதிரி எனக்குப் பேச வராதே?”

“வர வேண்டாம்.”

அவர் லாரியின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிவால்தோ தெரியுமில்ல?”

தெரியாதவர் யார்? இரண்டு வருடத்துக்கு முன் இதே இடத்தில் சக்கரம் அடித்துச் செத்தவன். உள் டயரில் காற்றை இறக்காமலே நட்டைக் கழற்றியிருந்தான்.

“அன்னிக்குக் காலையிலயும் நான்தான் பேசினேன். அருமையான பேச்சு. முடிச்சிட்டு யாருக்காவது சந்தேகம் இருக்கான்னு கேட்டேன். ஒருத்தன் கை தூக்கலை. எல்லாரும் கை தட்டினாங்க.”

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“நிவால்தோவும்தான் தட்டினான்.”