புயல் விடுமுறை

விலையின் சராசரிக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டதும் பங்கைத் தானே விற்கும் கணினி நிரலை, ஷூ-சின் கடந்த பத்து வருட விலைகளில் சோதித்தாள். விற்பனைப் பட்டியலில் ஒரு நாள் கூடுதலாக வந்தது. அன்று தைப்பேயில் புயல் விடுமுறை, சந்தையே திறக்கவில்லை. நிரலோ காலை 10.40க்கு விற்றிருந்தது.

“ஏன்க்கா, கொட்டுற மழையில குடை பிடிச்சிட்டு வந்து யாரு வாங்குனாங்க?” என்று பக்கத்து மேசை போ-ஹான் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று 10.40க்குத்தான் அவள் கணவன் மொட்டைமாடித் தகரத்தைக் கட்டப்போய் விழுந்து இறந்தான்.

பட்டியலில் அந்த விற்பனை வரியை மூன்று முறை அழித்தாள். மூன்று முறையும் திரும்பி வந்தது. பிறகு அப்படியே விட்டுவிட்டாள்.

மாலையில், நாளை புயல் விடுமுறை என்று அறிவித்தார்கள். திரையில் நாளைக்கான விற்பனை ஒன்று நின்றது. காலை 9.20.

மகன் அழைத்தான்.

“மாடித் தகரம் ஆடுதும்மா. நாளைக்கு லீவுதானே, ஒன்பது மணிக்கு ஏறிக் கட்டிடுறேன்.”