ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை

அத்தை வேனை என் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, ஒருமுறைக்கு மூன்றுமுறை ஹாரன் அடித்தார்.

எதிர்ப்பட்டறையில் தங்கள் வண்டிகளுக்காகக் காத்திருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பத்தடி தூரத்தில் சும்மா நிற்கிறவளைக் கூப்பிட எதற்கு இத்தனை சத்தம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பட்டறை திறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. இதுவரை வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டார். ஒருவர் வழி கேட்டார். மூன்றாமவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மெக்கானிக் எப்போது வருவார் என்று விசாரித்தார். நான்தான் என்றதும் எதிர்ப்பட்டறைக்குப் போய்விட்டார்.

மாதக் கடைசிக்குள் ஒரு வண்டியாவது பழுதுபார்க்கும் குழிமேல் ஏறாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டுப் பழைய வேலைக்கே போய்விடுவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம்.

ஆனால் அத்தையின் வேன் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அத்தை என்றால் என் கணவரின் அம்மா. அந்த வேனுக்கு வயது இருபத்திரண்டு. தன்னைவிட அதைத்தான் அம்மா பொத்திப் பொத்தி வளர்த்தார் என்று என் கணவரே சொல்வார்.

ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தில் மாற்றினால் வீண், ஐயாயிரத்து நூறில் மாற்றினால் பாவம். வீட்டில் அவருக்கு 'ஐயாயிரம்' என்றே பெயர். காலியான ஆயில் டப்பாவைக்கூட நாள் முழுக்கக் கவிழ்த்து வைத்துக் கடைசிச் சொட்டையும் எடுத்துவிடுவார்.

ஒருமுறை எல்லோருமாக வெளியூர் போகையில் பாதி வழியில் ஐயாயிரம் நிறைந்துவிட்டது. பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, எங்கள் அத்தனை பேரையும் இறக்கிவிட்டு, போர்வையை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

நான் இந்த வேலையைப் படித்துவிட்டு வந்தவள். இருந்தும் கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்த வேனில் எனக்குக் கிடைத்த ஒரே வேலை, அத்தை அடியில் படுத்திருக்கும்போது டார்ச் பிடிப்பது. அதிலும் கை ஆடுகிறது, கை ஆடுகிறது என்று திட்டு.

அத்தை வேனிலிருந்து இறங்கினார். தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னார்.

"ஐயாயிரம் தாண்டி ஆறாயிரமே ஆயிடுச்சு. ஆயில் கறுத்துப்போய்க் கெடக்கு. இத்தன வருஷமா இந்த வண்டிய வேற யாரையும் நான் தொட விட்டதில்ல. இனிமே என் மருமகதான் பாக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தைக்குக் கணக்குத் தப்புவதா? அதையும் ஊர் கேட்கச் சொல்வதா? உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

வண்டியைக் குழிமேல் ஏற்றினேன். என் பட்டறைக் குழி பார்த்த முதல் வண்டி.

எதிரே நின்றவர்களில் இரண்டு பேர் தேநீர் கிளாசும் கையுமாகத் தெருவைக் கடந்து வந்தார்கள். வேலை பார்க்கத் தெரிகிறதா என்று பார்க்க வந்தவர்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் குழிக்குள் இறங்கினேன். அத்தை யாரும் சொல்லாமலே என் மேஜையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு குழி விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

ஆயில் பிடிக்கும் தட்டை நகர்த்தி வைத்து, அடிப்பக்க நட்டைத் தளர்த்தினேன்.

ஆயில் இறங்கியது.

தேன் நிறத்தில்.

தட்டின் அடியில் இருந்த கீறல்கூட அதற்குள் தெளிவாகத் தெரிந்தது. நட்டில் போட்டிருந்த வாஷர் புதுசு, இன்னும் பளபளப்புப் போகவில்லை. ஊற்றி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

நிமிர்ந்து பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. வேலையில் கண்ணாக இரு என்பதுபோல நட்டின் மேலேயே வெளிச்சத்தைப் பிடித்திருந்தார்.

தேநீர்க்காரர்களில் ஒருவர் குழிக்குள் எட்டிப் பார்க்க வந்தார். அத்தை ஒரு அரையடி நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்குத் தட்டு தெரியாமல் போய்விட்டது. ஆயில் ரொம்ப மோசமா என்று அவர் என்னைக் கேட்டார்.

ஒரு நாள் தவறாமல் பார்த்துவந்த வண்டியைக் கவனிக்காமல் விட்டுவிட்டதாகத் தெருவில் நின்று சொன்ன இந்த மனுஷிக்கு மருமகள் என்று அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு கர்வமாக இருந்தது.

"கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்புங்க. நல்லவேளை, இப்பவாவது கொண்டுவந்தாங்க."

அவர் எதிர்ப்பட்டறையின் வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து தன் வண்டிச் சாவியை எடுத்து, அடுத்து இதைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

முடியும் என்றேன்.

குழிக்குள் வெளிச்சம் ஆடியது. நட்டின் மேல் இருந்தது என் முகத்துக்கு வந்தது, அங்கிருந்து சுவருக்குப் போனது.

ஆறு வருடமாக வாங்கிய திட்டைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் நான் அத்தையின் கை நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, நட்டை முடுக்கினேன்.