பசை போடாத எலும்பு

"வலியெல்லாம் இல்லப்பா. வேகவச்சு, கொழுப்பெடுத்து, வெயில்ல காயப்போட்டப்புறம் வலிக்க என்ன மிச்சம் இருக்கு?"ன்னு சொல்லுச்சு எலும்பு.

வலிக்குதான்னு கேட்டது பலாப்பலகை. அது இப்ப கிட்டாரா ஆயிருந்துச்சு. மாட்டெலும்பை அரத்தால தேய்ச்சு, ஆறு கம்பியையும் தாங்குறதுக்கு பலாவோட நெஞ்சுமேல ஒரு பள்ளத்துல நிக்க வச்சிருந்தாரு கிட்டார் செய்யிற சேவியர். பசை போட்டா நாதம் செத்துடும்னு போடல. கம்பியோட அழுத்தந்தான் எலும்பைப் பிடிச்சிருந்துச்சு.

நாளைக்குக் கல்யாண வீட்டுல முதல் பாட்டு. பலாவுக்குப் பெருமை தாங்கல. "நீ இல்லேன்னா நான் வெறும் பெட்டிதாண்ணே."

"நிக்கிறது எனக்கென்ன புதுசா? பதினோரு வருஷம் வண்டி இழுத்தவன்."

சாயங்காலம் புதுக் கம்பி மாத்துறதுக்காகப் பழசை அவுத்து வச்சுட்டு, சேவியர் டீ குடிக்கப் போனாரு. அப்ப தெருவுல ஒரு குரல். "செவலை... ஏய், வாடா!"

வாசல் வழியா பாத்தா ஆளே இல்ல. தெருநாய் மட்டும் குரைக்காம எழுந்து ஒதுங்கி நின்னுச்சு.

எலும்பு அசைஞ்சுச்சு. "எங்க வண்டிக்காரரு. செவலைன்னு என்னைத்தான் கூப்பிடுறாரு."

"வந்தா வரட்டும். நீ ஏண்ணே அசையிற?"

"அவரு செத்தப்புறந்தான் என்னைக் கறிக்கு வித்தாங்க."

"அப்ப போகாதண்ணே! நாளைக்குப் பாட்டு இருக்கு!"

"இருக்குதான். ஆனா அவரு கூப்பிட்டு நான் போகாம இருந்ததில்லையேப்பா"ன்னுட்டு எலும்பு பள்ளத்துலேர்ந்து எழுந்துச்சு.

அது தரையில விழுந்த சத்தம் பலாவுக்குக் கேக்கல. வாசலைத் தாண்டி நாலு கால் நடந்து போற சத்தந்தான் கேட்டுச்சு.