பல்லி சொல்லிடுச்சு

ராஜா பேசும் மண்டபத்துச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. ராஜா எதைச் சொல்லி முடித்தாலும் அது 'ச்சு ச்சு' என்று கத்தும். "பல்லியே சொல்லிடுச்சு, அப்ப உண்மைதான்" என்று சனங்கள் தலையாட்டுவார்கள்.

மூலையில் இருந்த சில்வண்டு மட்டும் "பொய், பொய்" என்று கத்திக்கொண்டிருக்கும்.

ஒருநாள் ராஜா, "இந்தச் சில்வண்டு நாட்டுக்கே ஆபத்து" என்றார். பல்லி கத்தியது. கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்தது. சில்வண்டு நசுங்கிப்போனது.

"என்னய்யா காரியம் பண்ணினே?" என்று பல்லியின் பெண்டாட்டி பதறியது.

"நான் என்ன பண்ணினேன்? பசிச்சுது, கத்தினேன்."

"அவர் பேசி முடிச்சாத்தான் உனக்குப் பசிக்குமா?"

பல்லிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுவரில் மேலும் கீழும் ஓடியது. மறுநாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

"நாட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்ற ராஜா, நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. சத்தமே இல்லை. ராஜாவின் முகம் சுருங்கியது.

கூட்டத்தில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு, நாக்கால் 'ச்சு ச்சு' என்றார். பக்கத்தில் இருந்தவரும் அப்படியே செய்தார். பிறகு மண்டபம் முழுக்க அதே சத்தம்.

"பல்லி சொல்லிடுச்சு!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.