உட்கார்ந்து ஆடும் ஆட்டம்

விளையாட்டுத் துறை அதிகாரி இஸ்திரி கலையாத பேன்ட்டோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார். தாழக் கட்டிய வலைக்கு அந்தப் பக்கம் அவருடைய அலுவலக அணி. இந்தப் பக்கம் ஒரு காலை இழந்த பெண்களின் கைப்பந்து அணி. கழற்றி வைத்த செயற்கைக் கால்கள் சுவரோரம் ஷூ மாட்டியபடி வேடிக்கை பார்க்கின்றன. பெண்கள் ஜெயித்தால், பயிற்சி செய்ய இந்த அரங்கத்தின் சாவி அவர்களுக்கு. "நீங்கதாம்மா எங்களுக்கு உத்வேகம்" என்று மைக்கில் உருகிய சூட்டில் அதிகாரியே கொடுத்துவிட்ட வாக்கு அது. அதே சாவிக்காகப் பெண்கள் அணியின் கேப்டன் ஆறு மாதம் அவர் அறையில் ஊன்றுகோலோடு நின்றிருக்கிறாள். "சேர் காலியா இல்லம்மா" என்பார். நான்கு நாற்காலிகளிலும் ஃபைல்கள் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். பந்தைத் தொடும்போது பின்புறம் தரையை விட்டு எழக் கூடாது என்பது இந்த ஆட்டத்தின் விதி. அது தெரிந்துதான் கேப்டன் ஒவ்வொரு பந்தையும் அவர் தலைக்கு ஒரு முழம் மேலே, பூப்போலத் தூக்கிப் போடுகிறாள். அவர் எழும்புகிறார். நடுவராக நிற்கும் பெண்கள் அணியின் கோச் விசில் ஊதுகிறார். பெண்களுக்கு ஒரு புள்ளி.

"கொஞ்சம் பாத்து ஊதுய்யா!"

"பாத்துதான் சார் ஊதறேன். நல்லாவே தெரியுது."

கடைசிப் புள்ளி. பந்து சாவகாசமாக இறங்குகிறது. அதிகாரி பல்லைக் கடித்துத் தரையைப் பிடித்துப் பார்க்கிறார், முடியவில்லை, எழும்பிவிடுகிறார். விசில். கேப்டன் கைகளை ஊன்றி வலையருகே நகர்ந்து வருகிறாள்.

"என்னை ஆறு மாசம் நிக்க வெச்சீங்களே சார், உங்களால அரை மணி நேரம் உக்கார முடியலையா?"

வலைக்கு அடியில் கையை நீட்டுகிறாள். அவர் குலுக்க வருகிறார். அவள் உள்ளங்கையைத் திருப்பி விரிக்கிறாள், சாவிக்கு.