நடுவில் ஒரு வெள்ளைக் கோடு

துணிப்பைகளில் அச்சுப் போடும் பட்டறை ஒன்றில் மையை வலைக்கண் வழியே பையில் இறக்கும் ஒரு வலைச்சட்டம் இருந்தது. அன்று காலையிலிருந்து எந்தப் பையிலும் அச்சு சரியாக விழவில்லை. கல்யாணப் பெண்ணின் பெயருக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு விழுந்துகொண்டே இருந்தது.

"மை தண்ணியா இருக்கு" என்றது மையை இழுக்கும் ரப்பர் கட்டை.

"சட்டத்துலதான் அடைப்பு" என்றது மை.

அச்சடிக்கும் தவமணியும் அப்படித்தான் நினைத்தாள். ஒவ்வொரு பை கெட்டதும் சட்டத்தைக் கழற்றித் தேய்த்துக் கழுவினாள். அதன் வலை நைந்துபோயிற்று. இன்னொரு முறை கழுவினால் கிழிந்துவிடுவோம் என்று அதற்குத் தெரிந்தது.

அடுத்த பை வந்து கீழே படுத்தது.

"உன் மேலயாவது ஒழுங்கா விழுமா தாயி?" என்று அலுப்போடு கேட்டது சட்டம்.

"எப்படிக்கா விழும்? என் கைப்பிடி எனக்கு அடியிலேயே மடிஞ்சு கிடக்கு. அந்த மேட்டோரம் மை படறதே இல்லை."

சட்டம் கட்டையிடம் கெஞ்சியது. "அண்ணே, அந்த மேட்டுல கொஞ்சம் தட்டி நில்லுங்க."

கட்டையும் களைத்திருந்தது, பாதியில் தட்டி நின்றது. அந்தப் பை பாழானது. ஆனால் கட்டை எதில் தட்டியது என்று தவமணி பைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்துவிட்டாள். அதன்பின் ஒவ்வொரு பையிலும் கைப்பிடியை வெளியே இழுத்துப் போட்டாள். பெயர் பளிச்சென்று விழுந்தது.

"என் நிறம் அப்படி" என்றது மை. "என் அழுத்தம்" என்றது கட்டை.

வேலை முடிந்ததும் தவமணி அந்தப் பாழான பையைக் கிழித்து, அந்தத் துணியால் சட்டத்தைத் துடைத்தாள்.

"வலிக்குதாக்கா?" என்று கேட்டது கிழிந்த துணி.

"எனக்கில்லை தாயி" என்றது சட்டம். "உனக்கு?"