நூற்றிரண்டு டிகிரி

கம்பளியைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு அவன் போனில் முனகினான். "நூத்தி ரெண்டு டிகிரி, அக்கா. கண்ணையே திறக்க முடியல."

"ஐயோ, பேசாம படுங்க தம்பி. உங்க சீட்டுக்கு வேற ஆளை அனுப்பிடறேன்" என்றது மறுமுனைக் குரல். "பத்து மணிக்கு நானே கூப்பிட்டு விசாரிக்கறேன். அவசரம்னா என் செல்லுக்கு அடிங்க. ஆபீஸ் நம்பருக்கு இன்னைக்கு வேண்டாம்."

பேச்சு முடிந்ததும் கம்பளி விலகியது. உள்ளே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, டை, பளபளவென்று ஷூ.

"போன்ல பேசறதுக்கு எதுக்குங்க கம்பளி?" என்று கேட்டாள் மனைவி.

"அப்பத்தான் குரல்ல காய்ச்சல் வரும்."

"அந்த அக்காகிட்டப் போய்ப் பொய் சொல்றீங்களே, பாவம்" என்றாள்.

அவனுக்கும் அதுதான் உறுத்தல். தற்காலிக ஆட்களை அனுப்பும் அந்த ஏஜென்சியில் பதிந்து ஆறு வருடம் ஆகிறது. யாராவது பிரசவ விடுப்பில் போனாலும், யாருக்காவது கால் முறிந்தாலும் அந்த நாற்காலியில் இவன் போய் உட்கார வேண்டும். இதுவரை பதினொரு அலுவலகம் பார்த்தாயிற்று. அங்கிருந்து ஆட்களை அனுப்பும் அக்காவின் முகத்தை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை, எல்லாமே போனில்தான்.

பிழைப்பதற்கான பாடமும் அந்தக் குரல் சொல்லித் தந்ததுதான். "எங்க போனாலும் பத்து நிமிஷம் முன்னாடியே போய் நில்லுங்க. அங்க நடக்கற வம்புல தலையைக் குடுக்காதீங்க. எதுவா இருந்தாலும் எங்கிட்ட மறைக்காதீங்க." மறைத்துவிட்டு வேறு வேலைக்கு நேர்காணல் போனது தெரிந்தால், ஏஜென்சி அன்றைக்கே பெயரை அடித்துவிடும்.

இன்று அவன் கிளம்பியிருப்பது அப்படியொரு நேர்காணலுக்குத்தான். அலுவலக நிர்வாகி வேலை, நிரந்தரம், ஒரே ஒரு இடம்.

"நேத்து பாப்பா கேக்கறா, 'இந்த ஆபீஸ் எதுவரைக்கும்பா?'ன்னு" என்றாள் மனைவி, டையைச் சரிசெய்தபடி. "இந்தத் தடவையாவது கிடைக்கட்டும்."

மூன்றாவது மாடியில் காத்திருக்கும் அறை. வழக்கம்போலப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தான். அவனுக்கும் முன்னால் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். மடியில் ஃபைல், அதன்மேல் இரண்டு செல்போன். இவன் தலையசைத்தான், அவரும் தலையசைத்தார். போட்டியாளர்களுக்குள் வேறென்ன பேச்சு?

கடிகாரம் பத்தை நெருங்க நெருங்க அவன் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டான். அக்கா சொன்னால் சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுவார். எடுக்காவிட்டால் பதறிப்போய் வீட்டுக்கே ஆளை அனுப்பிவிடுவார். போன வருடம் ஒருவன் தூங்கிப்போய்ப் போனை எடுக்காததற்கு டாக்டரே வாசலில் வந்து நின்றாராம்.

பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது நைசாக எழுந்தான். கதவைத் திறந்து, மாடிப்படியில் பாதி இறங்கி, திருப்பத்தில் நின்றான். அங்கே ஈ காக்கை இல்லை. கம்பளி இல்லாத குறைக்கு, போனில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டான்.

மேலே கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. யாரோ வருகிறார்களே என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குள் போன் அதிர்ந்தது.

"ஹ...லோ..."

"தம்பி, காய்ச்சல் இப்ப எப்படி இருக்கு? கஞ்சி ஏதாவது குடிச்சீங்களா?"

குரல் என்றைக்கும் இல்லாத தெளிவோடு கேட்டது. போனில் ஒரு முறை, தலைக்கு மேலே ஒரு முறை.

மெதுவாக நிமிர்ந்து பார்த்தான். மேல்படியில் அந்தப் பெண்மணி, கக்கத்தில் ஃபைலை இடுக்கிக்கொண்டு, வாயைக் கையால் பொத்தியபடி பேசிக்கொண்டிருந்தார். அவரும் குனிந்து பார்த்தார். இரண்டு பேர் காதிலும் போன் அப்படியே இருந்தது.

கைக்குட்டை நழுவி விழுந்தது. ஆறு வருடப் பிழைப்பு போச்சு, பெயரை அடிக்கப் போகிறார், வீட்டில் என்ன சொல்வது என்று அவனுக்கு உடம்பெல்லாம் நிஜமாகவே சுட்டது.

அவர் அவனுடைய டையைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். பிறகு தன் ஃபைலைப் பார்த்தார். எதிரே நிற்கிறவனிடம் பேசாமல், போனிலேயே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தம்பி... எனக்கும் இன்னைக்கு நூத்தி ரெண்டுதான்."